பன்றிக்கு வைத்த வெடி

அன்றைக்கு லூயிஷாமில் எங்கள் கவுன்சில் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, சித்தப்பா, நான், சோபாவின் மூலையில் நித்திரையாய்க் கிடந்த தம்பி, இருந்ததிலேயே அகலமான கதிரையில் பிதுங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பொலிஸ்காரர். வேறு ஒருவரும் இல்லை. இதை இவ்வளவு திட்டமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறகு கதை பரவியபோது, தங்கள் கண்ணுக்கு முன்னாலேயே நடந்தது என்று சொன்ன சனத்தைச் சேர்த்தால் ஒரு கோயில் மண்டபம் நிறையும்.

அந்தப் பொலிஸ்காரர் எங்களைப் பிடிக்க வரவில்லை. இதை அம்மாவுக்கு விளங்கப்படுத்துவதுதான் பெரிய பாடாக இருந்தது. நாங்கள்தான் முத்திரை ஒட்டிக் கடிதம் போட்டு அவரை வரவழைத்திருந்தோம். சித்தப்பாவுக்கு ஒரு துவக்கு, சுடுகிற துப்பாக்கி, வேண்டும்.

“உலகத்திலை எங்கையாவது ஒரு தமிழன், எனக்கொரு துவக்கு வைச்சிருக்க விருப்பம் எண்டு பொலிசுக்குக் கடிதம் எழுதியிருக்கிறானே?” என்று அம்மா கேட்டாள்.

“இஞ்சை அதுதான் முறை,” என்றார் அப்பா. “கேட்டு வாங்கிறவனை ஒண்டும் செய்யமாட்டாங்கள். கேக்காமல் வைச்சிருக்கிறவனைத்தான் பிடிப்பாங்கள்.”

“குரோய்டனிலை இருக்கிற ஃபைலுக்குள்ளை இதையும் சேர்த்துக் கட்டினாங்களெண்டா?”

அப்பா கடித உறையை ஒட்டத் தொடங்கினார். பதில் இல்லாத கேள்விகளை எடுத்து வைத்துக்கொள்வதற்கு எங்கள் வீட்டில் ஒரு ஆள் இருந்தது. அது நான். எனக்குப் பத்து வயது. பயப்படுகிற பிள்ளை. இன்றைக்கும் அடுப்பை அணைத்தேனா என்று பாதிவழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வருகிறவள்தான். குரோய்டன் என்றால் எங்களுக்கு ஊர் இல்லை. விசாக் கந்தோர் இருக்கிற உயரமான கட்டடம். சித்தப்பாவின் பெயர் எழுதிய ஃபைல் அங்கே ஏதோ ஒரு தட்டில் இருந்தது. அதற்குள் ஒரு துவக்கை வைத்துக் கட்டினால் ஃபைல் எவ்வளவு வீங்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. அப்பா படிக்கவென்று யாழ்ப்பாணத்துக்குப் போனவர். சித்தப்பா வன்னியில் கமத்தோடு நின்றுவிட்டவர். லண்டனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார், எங்கள் சோபாவில் படுத்தார். சித்தி கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் நிரந்தர வேலையும் இருக்க ஒரு வீடும் காட்ட வேண்டும் என்று குரோய்டனில் சொல்லியிருந்தார்கள். எங்கள் சோபாவை வீடு என்று காட்ட முடியாது.

இந்த நேரத்தில்தான் முயல்கள் வந்தன. சனி ஞாயிறுகளில் சித்தப்பா கென்ற் பக்கம் ஆப்பிள் பிடுங்கப் போவார். அந்தக் கமக்காரருக்கு ஆப்பிள் தோட்டத்தோடு முட்டைக்கோவா வயலும் இருந்தது. வயலை முயல்கள் தின்றன. இளம் ஆப்பிள் மரங்களின் பட்டையையும் விடவில்லை. முயல் சுட்டுக்கொண்டிருந்த ஆளுக்கு முழங்கால் ஏலாமல் போய்விட்டது. சித்தப்பா இரண்டு கையையும் நீட்டிச் சுட்டுக் காட்டி, தனக்கு அந்த வேலை தெரியும் என்று சைகையிலேயே சொல்லியிருக்கிறார். பொலிஸ் சேட்டிபிக்கற்றோடு ரைபிள் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தால் நிரந்தர வேலை. வயலோரத்தில் உள்ள சின்ன வீடும் உனக்கு என்றாராம் கமக்காரர். ஆக, சித்தி லண்டனுக்கு வருவதும் வராததும் ஒரு துவக்கில் வந்து நின்றது.

துவக்கு என்ற சொல்லை வீட்டுக்குள் மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். ரெலிபோனில் சொல்லவே கூடாது. கொழும்புக்கு எடுக்கும்போது ‘சாமான்’ என்று சொல்லலாமோ என்று சித்தப்பா கேட்டார். அது இயக்கக்காரர் ஆயுதத்துக்கு வைத்த பெயர், அந்த நாளில் துவக்கை விட அந்தச் சொல்தான் ஆபத்து என்றார் அப்பா. கடைசியில் ‘தையல் மெசின்’ என்று முடிவாயிற்று. மெசின் வாங்கினவுடன் உன்னைக் கூப்பிடுவன் என்று சித்தப்பா சொல்ல, அந்தப் பக்கம் சித்திக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கால்மெசினோ கைமெசினோ என்று கேட்டாள். “தோளிலை வைக்கிறது,” என்று சொல்லிவிட்டார் சித்தப்பா. லண்டன் வந்த பிறகும் சித்தி இந்த மெசினைப் பல வருடம் சொல்லிக் காட்டினாள்.

கடைக்கு அப்பா, சித்தப்பா, நான் மூவரும் போனோம். நான் மொழிபெயர்ப்பாளர். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் செய்கிற அளவுக்குத்தான். கடையின் முன்பக்கம் முழுக்கத் தூண்டில்கள், மீனுக்குப் போடுகிற செயற்கைப் புழுக்கள். பின்பக்கம் சங்கிலி போட்ட துவக்குகள் வரிசையாக நின்றன. எங்கள் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு போடுகிற மனுசியைப் போல ஒருத்தி, கம்பளிச் சட்டையில் மாவு ஒட்டியிருக்க, பின்னாலிருந்து வந்தாள். துவக்குக் கடைக்காரர் என்றால் மீசை இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

சேட்டிபிக்கற் இல்லாமல் விற்கமாட்டேன், ஆனால் பார்த்து வைக்கலாம் என்றாள். என்ன சுடப் போகிறார், எவ்வளவு தூரத்தில், கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள். கடைசிக் கேள்வியை நான் தமிழாக்குவதற்கு முன்பே அப்பா பதில் சொல்லிவிட்டார்: “இருநூறு. எல்லாம் சேர்த்து. அதுக்கு மேலை ஒரு சதமும் இல்லை.” இதையும் தமிழிலேயே சொன்னார். அவளுக்கு விளங்கியது.

சித்தப்பாவின் கண் சுவரில் தொங்கிய இரட்டைக் குழலில் போய் ஒட்டிக்கொண்டது. வன்னியில் அவரிடம் இருந்ததும் இரட்டைக் குழல்தான். அது சிதறிப் பாய்கிற சிறு குண்டுகள் போடுவது, முயலின் இறைச்சி முழுக்கக் குண்டாகிவிடும், பிறகு எந்த இறைச்சிக் கடைக்காரனும் வாங்கமாட்டான் என்று கடைக்காரி கையை விரித்துச் சொன்னாள். கமக்காரரும் அதையே சொல்லியிருந்தார். அப்பாவின் கண் அதைவிட மலிவான பக்கம் போயிருந்தது.

“தம்பி, இந்தக் காத்துத் துவக்கைப் பார். இதுக்குச் சேட்டிபிக்கற்றும் வேண்டாம், பொலிசும் வேண்டாம்.”

“அண்ணை, இதாலை சுட்டா முயல் திரும்பி நிண்டு ஆர் எண்டு பாக்கும்.”

நான் இதையும் மொழிபெயர்த்தேன். கடைக்காரி சித்தப்பாவை அன்றைக்கு முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தாள். பிறகு மூன்று ரைபிள்களை எடுத்து மேசையில் வைத்தாள். மூன்றும் பொயின்ற் ரூ ரூ, தசம் இரண்டு இரண்டு. அது குழலின் வாய் அகலம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். உழுந்தை விடக் கொஞ்சம் பெரிது. ஒரு குடும்பத்தின் தலைவிதி போக வர இவ்வளவு வாய் போதுமா என்று இருந்தது எனக்கு.

முதலாவது புதிது. மினுமினுத்தது. விசையை இழுக்க இழுக்கத் தானாகவே அடுத்த குண்டு வரும். அதன் விலையிலேயே எங்கள் இருநூறு முடிந்துவிடும், ஊத்தை பிடித்தால் இறுகியும் நிற்கும் என்று அவளே சொன்னாள். இரண்டாவது ஏதோ ஒரு சங்கத்தில் இலக்குப் பார்த்துச் சுட வைத்திருந்தது. நம்பமுடியாத மலிவு. சித்தப்பா தூக்கிப் பார்த்துவிட்டு, “இதைக் கொண்டு வயல் சுத்திறதெண்டா இன்னொரு ஆள் பிடிக்கோணும்,” என்று கீழே வைத்தார். மூன்றாவது பழையது. கையால் இழுத்து மூடுகிற போல்ட். தோளில் முட்டுகிற மரப் பிடங்கில் ஒரு வெடிப்பு, அதை யாரோ பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு அதைத் தோளில் வைத்தார். வைத்துக்கொண்டு கண்ணைத் திறந்தார். அப்படியே நின்றார். புதுச் செருப்பு வாங்கும்போது அம்மா இரண்டடி நடந்துவிட்டு நிற்பாளே, அந்த முகம்.

பிறகு போல்ட்டைக் கழற்றி, பின்வாயில் பெருவிரல் நகத்தை வைத்து, வெளிச்சம் நகத்தில் பட்டுக் குழலுக்குள் போகிற மாதிரிப் பிடித்துப் பார்த்தார். எனக்கும் பார்க்க வேண்டும் போலிருந்தது. பயமாகவும் இருந்தது. கடைக்காரி தலையை ஆட்டினாள். பார்த்தேன். வெறும் ஓட்டை என்று நினைத்திருந்தேன். உள்ளே சுருள் சுருளாகக் கோடுகள் வெள்ளியாய்ச் சுழன்று சுழன்று தூரத்துக்குப் போயின. அந்தச் சுருளில்தான் குண்டு சுற்றிக்கொண்டு நேராகப் போகும், அந்தச் சுருள் இருப்பதால்தான் இதற்கு ரைபிள் என்று பெயர் என்றாள் அவள். பள்ளிக்கூடத்தில் எந்த ரீச்சரும் எனக்கு இவ்வளவு வடிவான ஒன்றைக் காட்டியதில்லை. பதினாறு வயதோடு நான் படிப்பை விட்டதற்கு இதைக் காரணமாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குழல் ஞாபகம் இருக்கிற மாதிரி வேறு பாடம் எதுவும் ஞாபகம் இல்லை.

“துவக்கிலை மிச்சம் பிடிச்சு, கண்ணாடிக்குக் கூடக் குடுக்கச் சொல்லுறா,” என்று அவள் சொன்னதைச் சொன்னேன்.

“கண்ணாடியோ? என்ரை கண்ணுக்கு என்ன குறை?” என்று சித்தப்பா கோபித்தார். “இந்தச் சுவரிலை ஓடுற எறும்பை நான் சொல்லட்டோ?”

அவள் சொன்னது துவக்கின் மேல் பூட்டுகிற தூரக் கண்ணாடியை. அதைப் பூட்டிக் காட்டிய பிறகு சித்தப்பா தெருவுக்கு அப்பாலிருந்த புறா ஒன்றைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இனிமேல் எறும்புக் கதை சொல்லமாட்டார் என்று விளங்கியது. பழைய ரைபிள், நடுத்தரக் கண்ணாடி, சுவரில் பூட்டுகிற இரும்புப் பெட்டி. அப்பா விரலில் கூட்டிப் பார்த்து, இருநூறுக்குள் நிற்கிறது என்று பெருமூச்சு விட்டார். பெட்டியை எங்களிடம் தந்துவிட்டு, சேட்டிபிக்கற் வரும் வரை ரைபிளை எடுத்து வைக்கிறேன் என்று அவள் துண்டில் பெயர் எழுதப் போனாள். சித்தப்பாவின் பெயரை மூன்று தரம் சொன்னோம். கடைசியில் ‘முயல்காரர்’ என்று எழுதிக் கட்டினாள்.

இப்போது பொலிஸ்காரருக்கு வரலாம்.

அவர் சீருடையில் வரவில்லை. கையில் ஒரு ஃபைல். அம்மா அதைக் குரோய்டன் ஃபைல் என்றே முடிவு செய்துவிட்டாள். விடியவே எழும்பி இறைச்சி வைத்து மடித்த பற்றிஸ் பொரித்து, அறையெல்லாம் மணக்க மணக்கச் சாம்பிராணி போட்டு, பிறகு அது என்ன புகை என்று கேட்பார்களோ என்று எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டிருந்தாள். நான் ஒரு கிழமையாகச் சொற்களைப் பாடமாக்கியிருந்தேன். கமம், வயல், முயல், பெட்டி, திறப்பு. எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் நுனிநாக்கில் நின்றது.

பெட்டியைப் பார்த்தார். மாடிப்படிக்குக் கீழே கவுன்சிலின் சம்மதத்தோடு சுவரில் பூட்டியிருந்தோம். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். வீடு ஆடியது, பெட்டி ஆடவில்லை. நல்லது என்றார். பெட்டியைப் பூட்டுகிற திறப்பு யாரிடம் இருக்கும், வீட்டில் யாருக்காவது மனநோய் உண்டா, குடிக்கிறவரா. எல்லாம் ஒழுங்காகப் போனது. அப்போதுதான், இவருக்கு முன்னே பின்னே துவக்குப் பிடித்த அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்.

சித்தப்பாவுக்கு இந்தக் கேள்வி பிடித்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இருக்கோ எண்டோ? சின்ன வயசிலையே நான் பண்டிக்கு வெடி வைக்கிறனான். ஒரே வெடி. ஆள் விழுந்துபோடும். சொல்லு பிள்ளை.”

வன்னியில் வெடி வைக்கிறது என்றால் சுடுவது. பன்றிக்கு வெடி வைத்தான் என்றால் பன்றியைச் சுட்டான், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த வெடி கொளுத்தினால் வெடிப்பது. வைக்கிறது என்றால் ஓரிடத்தில் கொண்டுபோய் வைப்பது. அந்த வருடங்களில் லண்டன் ரெயில் நிலையங்களில் குப்பைத் தொட்டிகளையே எடுத்துவிட்டிருந்தார்கள். அதற்குள் ஆட்கள் எதைக் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்று எங்கள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆகவே நான் தெளிவான ஆங்கிலத்தில், ஒரு சொல்லும் விடாமல், பொலிஸ்காரரிடம் சொன்னேன்: இவர் சின்ன வயதிலிருந்தே பன்றிகளுக்கு வெடிகுண்டு வைத்து வந்தவர். ஒரே குண்டு. ஆள் விழுந்துவிடும்.

சொல்லி முடித்த பிறகுதான் அந்த மற்றச் சொல் எனக்குக் காதில் கேட்டது. பன்றி என்பது லண்டன் பிள்ளைகள் பொலிஸ்காரரை முதுகுக்குப் பின்னால் சொல்கிற சொல்.

பொலிஸ்காரர் பேனையை ஃபைலின் மேல் வைத்தார். அப்பாவின் முகத்தில் இரத்தம் இல்லை. கதவு நிலையில் பற்றிஸ் தட்டோடு அம்மா. அவளுக்கு ஆங்கிலம் விளங்காது. ஆனால் அப்பாவின் முகத்தை வாசிக்க அவளுக்கு எந்த மொழியும் தேவையில்லை.

“ஏன், நான் என்னவும் பிழையாச் சொல்லிப்போட்டனே?” என்று சித்தப்பா மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

எந்தப் பன்றிகள் என்று பொலிஸ்காரர் மெதுவாகக் கேட்டார்.

“நாலு கால், சேர்!” அப்பா எழும்பி நின்று தன்னிடமிருந்த ஆங்கிலம் முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டினார். “காட்டுப் பன்றி, சேர். நாலு கால், சேர். வால் இருக்கும்!”

“டேய், நீ வெடி வைக்கிறது எப்பிடியெண்டு அந்தாளுக்குச் செய்து காட்டடா,” என்று பிறகு தமிழில் கத்தினார்.

சித்தப்பா சமையலறைக்குப் போய்த் தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூட்டுகிற தடிதான். ஆனால் வரும்போதே அதன் நுனி நிலத்தைப் பார்த்தபடி வந்தது. அறைக்குள் வந்ததும் தம்பி எங்கே கிடக்கிறான் என்று பார்த்தார். நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்தார். இரண்டு பேருக்கும் எதிர்ப்பக்கம் சுவரோரமாகப் போய் நின்றார். இரட்டைக் குழலைத் திறப்பது போலத் தடியை நடுவில் முறிக்கிற மாதிரிப் பாவனை செய்து, உள்ளே குனிந்து பார்த்து, பெருவிரலை விட்டுத் தடவி, வெறுமை என்று தலையை ஆட்டினார். இல்லாத இரண்டு தோட்டாவைப் போட்டார். மூடினார். சோபாவைக் கடக்க வேண்டி வந்தபோது நின்றார். மறுபடியும் தடியை முறித்து, தோட்டாவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு, தடியைச் சோபாவுக்கு அந்தப் பக்கம் கிடத்திவிட்டுத்தான் ஏறிக் கடந்தார். அது வேலியாம். பிறகு முழந்தாளிட்டு, மூச்சை அடக்கி, வெகுநேரம் பன்றிக்காகக் காத்திருந்தார். ரெலிவிஷன் பெட்டிக்குப் பக்கத்தில் பன்றி வந்தது.

“டப்,” என்றார் சித்தப்பா.

தம்பி எழும்பி அழத் தொடங்கினான்.

பொலிஸ்காரர் சிரிக்கவில்லை. சோபாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனையை எடுத்து நீளமாக ஏதோ எழுதினார். வேலி கடக்கும்போது தோட்டாவைக் கழற்றாமல் காலில் சுட்டுக்கொண்ட ஆட்களைத் தனக்குத் தெரியும், இந்த நாட்டில் பிறந்தவர்கள் என்று என்னிடம் சொன்னார். பற்றிஸை எடுத்தார். கடித்தார். இன்னொன்றை எடுத்தார். அம்மா கதவு நிலையிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

ஃபைலை மூடிக்கொண்டு எழும்பினவர், எழும்பின இடத்தில் நின்று, சும்மா கதைக்கிற மாதிரி ஒன்று கேட்டார். ஊரில் இவரிடம் இருந்த துவக்குக்கு என்ன நடந்தது?

மொழிபெயர்த்தேன். சித்தப்பா கையிலிருந்த தும்புத்தடியைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்தது. மறுபடி சாய்த்தார்.

“வித்துப்போட்டன் எண்டு சொல்லு,” என்றார்.

விற்றுவிட்டார் என்று சொன்னேன். நல்ல விலைக்குப் போயிருக்கும் என்றார் பொலிஸ்காரர்.

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பற்றிஸ் தட்டைப் பார்த்தாள்.

“மூவாயிரம் பேசினது. காசு இன்னும் தரேல்லை எண்டு சொல்லு பிள்ளை.”

பொலிஸ்காரருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. எல்லா நாட்டிலும் இதே கதைதான் என்று சித்தப்பாவின் தோளில் தட்டிவிட்டுப் போனார். சேட்டிபிக்கற் தபாலில் வந்தது. ரைபிள் வந்தது. கென்ற் வீடு வந்தது. குரோய்டனும் மனம் இரங்கி, சித்தியும் வந்து சேர்ந்தாள்.

என் கவலை மட்டும் அந்த மூவாயிரத்திலேயே நின்றது. எங்கள் சித்தப்பா கோப்பை கழுவுகிறார், இருநூறு பவுணுக்கு விரல் மடிக்கிறோம், அங்கே யாரோ துவக்கையும் வாங்கிக்கொண்டு காசும் கொடுக்காமல் இருக்கிறான். அது எத்தனை பவுண் வரும் என்று அப்பாவிடம் கேட்டேன். கடிதம் போட்டுக் கேட்டால் என்ன என்று சித்தப்பாவிடம் கேட்டேன். வாங்கினது யார் என்றும் கேட்டேன்.

“பொடியள்தான். தருவாங்கள் பிள்ளை,” என்றார்.

பொடியள் என்றால் பையன்கள். காசில்லாத பையன்கள், வேலை கிடைத்ததும் தருவார்கள் என்று எடுத்துக்கொண்டேன். ஊரில் பொடியள் என்றால் ஆயுதம் தூக்கிய இயக்கக்காரர் என்பதையும், பட்டப்பகலில் சைக்கிளில் வந்து, அண்ணை என்று மரியாதையாகக் கூப்பிட்டு, முற்றத்தில் நின்றே துவக்கையும் தோட்டாவையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனவர்களிடம் யாரும் விலை பேசுவதில்லை என்பதையும் நான் வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னாள். பொடியளுக்குக் கொடுத்தேன் என்று சித்தப்பா பொலிஸ்காரரிடம் சொல்லியிருந்தால் அவர் மூடின ஃபைலைத் திரும்பத் திறந்திருப்பார். அதனால் விற்றேன் என்றார். அந்தத் துவக்கு பிறகு எந்தப் பக்கம் திரும்பியது, அதன் முன்னால் யார் நின்றார்கள் என்று சித்தப்பாவுக்குத் தெரியாது. தெரியாததற்குக் காசு வாங்க, பொய்யிலும் அவருக்குக் கை நீளவில்லை; அதனால்தான் காசு இன்னும் தரவில்லை என்றார்.

பத்து வயதில் இது எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது கணக்கு ஒன்றுதான்: சித்தப்பாவுக்கு வரவேண்டிய காசு, மூவாயிரம் ரூபா.